செட்டிநாட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சியும் வேலை உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து ஊர்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, வேலையில் அமர்த்தி, அமர்த்திய பின்னும் உடன் நிற்கும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. பயிற்சிக்கு வர நினைப்பவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், வேலை தர முன்வரும் கடைக்காரர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் அவற்றுக்கு நாங்கள் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

பயிற்சியில் யார் சேரலாம்?

18 வயது நிறைந்த மாற்றுத்திறனாளி எவரும் சேரலாம். படிப்புத் தகுதி என்று எதையும் வைத்திருக்கவில்லை. கணினிப் பிரிவுக்கு மட்டும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது பிரெயிலாக இருந்தாலும் சரி.

கை கால் குறைபாடு, பார்வைக் குறைபாடு, காது கேளாமை ஆகிய மூன்றோடு கணக்கு முடிந்துவிட்டது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அவற்றை 21 ஆக விரித்தது. தசைச்சிதைவு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பார்க்கின்சன் நோய், ஹீமோபிலியா, தலசீமியா, ஆசிட் வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு ஆகியவை எல்லாம் இன்று அந்தப் பட்டியலில் உள்ளன. எனவே, "எங்கள் பிள்ளைக்கு வெளியே தெரிகிற குறை ஒன்றும் இல்லையே, எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா" என்று தயங்க வேண்டாம்.

ஊர் எல்லையைப் பொறுத்தவரை, சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்களிலிருந்தும், புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம், பொன்னமராவதி வட்டங்களிலிருந்தும் வருபவர்களுக்கு முன்னுரிமை தருகிறோம். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடப்பதால், பயிற்சி ஒரே இடத்தில் நடந்தாலும், அரசு அலுவலக வேலைகளுக்கு அவரவர் தம் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொன்னமராவதிக்காரர் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை. வாங்கிய பிறகுதான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் வந்து சேருங்கள். அட்டைக்கான வேலையை இங்கிருந்தே சேர்ந்து பார்ப்போம். ஆனால் அட்டை இல்லாமலே காலம் தள்ளிவிடலாம் என்று இருந்துவிடவும் கூடாது. அரசு வேலைக்கான இட ஒதுக்கீடு, கடன், பேருந்துச் சலுகை, மாத உதவித்தொகை என்று எதை எடுத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

நாடு முழுவதற்குமான தனித்துவ அடையாள அட்டைக்கு, யு.டி.ஐ.டி. என்று எல்லோரும் சொல்வதற்கு, ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றைப் பதிவேற்றிய பிறகு அரசு மருத்துவமனையில் உரிய துறை மருத்துவர் பரிசோதித்துக் குறைபாட்டின் அளவை விழுக்காட்டில் பதிவு செய்வார். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் சட்டம் தரும் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். அட்டையில் உள்ள நிறமும் அதையே காட்டும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் எடுத்துப் போங்கள். மனநலம், கற்றல் குறைபாடு போன்றவற்றில் ஐந்து நிமிடப் பேச்சில் மருத்துவருக்கு எதுவும் பிடிபடாது. பிள்ளை அன்றைக்கு நன்றாகப் பேசிவிட்டால் விழுக்காடு குறைந்துவிடும் என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமான கவலைதான். அதற்கு மருந்துச் சீட்டு, பள்ளிச் சான்று, முந்தைய பரிசோதனை முடிவு ஆகியவை அடங்கிய ஒரு கோப்பு போதும். பிள்ளையை வாய்பேசாமல் இருக்கச் சொல்லி அழைத்துப் போக வேண்டியதில்லை.

கட்டணம் உண்டா?

இல்லை. மதிய உணவும் இங்கேயே.

என்னென்ன தொழில்கள் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

இந்த மண்ணில் ஏற்கெனவே ஆள் தேடிக்கொண்டிருக்கும் தொழில்களையே எடுத்துக்கொண்டோம். மெழுகுவத்தியும் காகித உறையும் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதை யார் வாங்குவார்கள் என்று பிறகு யோசிக்கும் பயிற்சிகளை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். பயிற்சி முடிந்த மறுநாள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் அந்த வேலை இருக்கிறதா என்பதே நாங்கள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

இப்போதைக்குப் பலகாரம் செய்தலும் பொதிதலும், ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுதல், கைத்தறி சார்ந்த வேலைகள், ஆத்தங்குடிப் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) பட்டறை வேலை, விடுதிப் பராமரிப்பு, தையல், கணினித் தட்டச்சும் கணக்கும் ஆகிய பிரிவுகள் உள்ளன. பிரிவைப் பொறுத்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆகும்.

யாருக்கு எந்தத் தொழில் என்பதைக் குறைபாட்டின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்து முடிவு செய்கிறோம். கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைக் கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். குழித்தறியில் மிதிகட்டையைக் காலால் மிதித்தாக வேண்டும்; இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவருக்கு அது ஆகாது. ஆனால் தார் (நாடாவில் வைக்கும் ஊடை நூல்) சுற்றுவதற்கும், சேலையை மடித்துக் குறை பார்ப்பதற்கும், கட்டக் கணக்குப் போடுவதற்கும் கால் தேவையில்லை. தறி வேலை இவருக்கு ஒத்துவராது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் இந்த மூன்று வேலையும் சேர்ந்து போய்விடும்.

கொட்டான் இதற்கு நேர்மாறானது. கண்ணால் பார்த்துப் பின்னுவதைவிட விரலால் எண்ணிப் பின்னுவதே அதில் முக்கியம். பயிற்சி பெறும் பார்வையற்றவர் ஓலையின் ஈரப்பதத்தைத் தொட்டே சொல்லிவிடுவார்; காய்ந்த ஓலை மடிக்கும்போது முறியும், அதிகம் நனைந்தது பிறகு சுருங்கி இடைவெளி விடும். அவருக்குத் தடையாக இருப்பது நிறம் ஒன்றுதான். சாயம் போட்ட ஓலைகளைத் தனித்தனி வாய் அகலமுள்ள பானைகளில், எப்போதும் ஒரே வரிசையில் வைத்துவிட்டால் அந்தத் தடையும் போய்விடுகிறது. சிவப்பு இடக்கைப் பக்கம், பச்சை நடுவில், ஊதா வலப்பக்கம். அந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாது என்பதே அந்த அறையில் உள்ள ஒரே கண்டிப்பான விதி. பெருக்க வருபவருக்கும் அது பொருந்தும்.

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அவனால் என்ன வேலை செய்துவிட முடியும்?

எங்களிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலானோர் இந்தக் கேள்வியைப் பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அவருக்குக் கேட்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

விடை இதுதான்: ஒரு வேலையை ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தால் முடியாது, படிகளாகப் பிரித்தால் முடியும். தேன்குழல் பொதிவதைப் பாருங்கள். "அரைக் கிலோ பாக்கெட் போடு" என்பது நமக்கு ஒரு வேலை. உண்மையில் அது கை கழுவுதல், தலைக்கு வலை போடுதல், உறையைத் திறத்தல், தராசில் வைத்தல், முள் குறியைத் தொடும் வரை போடுதல், உடைந்ததை ஒதுக்குதல், வாய் ஒட்டுதல், முகவரித்தாள் ஒட்டுதல் என்று எட்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுகிறோம். படத்தில் இருப்பது வேறு யாருடைய கையோ அல்ல, அவருடைய கையே. முதல் வாரங்களில் கடைசிப் படி ஒன்றை மட்டும் அவரிடம் விடுகிறோம்: முகவரித்தாள் ஒட்டுதல். முடிந்த பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் நிறைவு முதல் நாளே கிடைத்துவிடுகிறது. பிறகு அதற்கு முந்தைய படி, அதற்கும் முந்தையது என்று பின்னாலிருந்து முன்னால் வருகிறோம். சிறப்புக் கல்வியில் நெடுங்காலமாக உள்ள முறை இது, நாங்கள் கண்டுபிடித்ததல்ல.

தராசில் எண் படிக்க வராதவருக்குப் பச்சைக் கோடு ஒட்டிய முள் தராசு போதுமானது. மின்தராசைவிடப் பழைய தராசே இங்கு உதவுகிறது என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

பாக்கெட் போடுவதில் அவர் மற்றவர்களைவிட மெதுவாக இருக்கலாம். உடைந்த தேன்குழலை நல்லதோடு கலக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே பலகாரக் கடைக்காரர்களிடம் சொல்கிறோம். ஆடி மாதத்தில் வேகம் பெரிதில்லை. தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளில் வேகம் வேண்டும், அப்போது உதவிக்கு இன்னொருவரை நாங்களே அனுப்புகிறோம்.

பார்வையற்றவர்கள் கணினியில் எப்படி வேலை செய்வார்கள்?

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு. நாங்கள் கற்றுக்கொடுப்பது என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள். தமிழையும் அது படிக்கும். உச்சரிப்பு முதலில் கரடுமுரடாக இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். ஆண்ட்ராய்டு கைபேசியில் இதே வேலையைச் செய்யும் டாக்பேக் வசதி ஏற்கெனவே இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தால் போதும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடைக் கணக்குக்கு இங்கே பயன்படுத்தும் சில மென்பொருள்களில் பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்காமல் படம் மட்டும் வைத்திருப்பார்கள். திரையைப் படிக்கும் மென்பொருள் அங்கே வந்ததும் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். எனவே ஒருவரைக் கணக்கு வேலைக்கு அனுப்பும் முன் அந்தக் கடையின் கணினியில் நாங்களே உட்கார்ந்து சுட்டி இல்லாமல், விசைப்பலகையால் மட்டும் ஒரு ரசீது போட முடிகிறதா என்று பார்த்துவிடுகிறோம். முடியாவிட்டால் மென்பொருளை மாற்றச் சொல்கிறோம், அல்லது அந்த வேலையைத் தவிர்க்கிறோம். திறமை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பலருக்கு உண்மையில் இல்லாமல் போனது அந்தப் பொத்தானின் பெயர்தான்.

காது கேளாதவர்களுடன் பட்டறையில் எப்படிப் பேசுவது?

முதலில், கத்த வேண்டாம். முகத்தைப் பார்த்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். சைகை மொழி தெரிந்த ஒருவரை முதல் மாதம் உடன் அனுப்புகிறோம். அவர் பயிற்சி பெறுபவருக்கு மொழிபெயர்ப்பதோடு, பட்டறையில் உள்ள மற்றவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் சைகைகளையும் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார்.

ஆத்தங்குடிப் பூக்கல் வேலை இவர்கள் பலருக்குப் பிடித்துப் போகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் கலங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமென்ட்டும் வைத்து மட்டம் தட்டுவது முழுவதும் கண்ணும் கையும் செய்யும் வேலை. வாய்ப்பேச்சுக்கு அதில் இடமே குறைவு. கவனம் தேவைப்படுவது பாதுகாப்பில். பின்னால் லாரி வருவதோ, கல் அடுக்கு சரிவதோ காதில் விழாது. அதனால் அவர் உட்காரும் இடம் வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒலிக்கும் மணி இருந்தால் கூடவே மின்னும் விளக்கும் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாத பட்டறைக்கு நாங்கள் ஆள் அனுப்புவதில்லை.

மனநலச் சிகிச்சையில் இருக்கிறேன். வேலை தருபவரிடம் அதைச் சொல்லிவிடுவீர்களா?

உங்கள் ஒப்புதல் இல்லாமல் சொல்ல மாட்டோம். வேலை நேரத்தில் மாற்றம் தேவைப்பட்டால், நோயின் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்லலாம். இரவு மாத்திரையின் மயக்கம் காலை எட்டு மணிக்குத் தெளியாது; பத்து மணிக்கு வேலையைத் தொடங்கி மாலை கூடுதலாக இருப்பதற்குப் பெரும்பாலான கடைகளில் தடை சொல்வதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். அப்படி எடுத்தவர்கள் வேலையையும் விட நேர்ந்திருக்கிறது.

தினமும் வந்து போவது எப்படி?

அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒரு துணையாளருக்கும் கட்டணம் இல்லை. அந்த வண்டி எட்டாத ஊர்களிலிருந்து வருபவர்கள் பயணச் சலுகை அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்; பயிற்சியில் இருப்பதற்கான சான்றை நாங்கள் தருகிறோம். கட்டணம் இல்லை என்பதும் ஏற முடிகிறது என்பதும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். படி உயரமான வண்டியில் சக்கர நாற்காலியோடு ஏற வழியில்லாதவர்களை ஊர்வாரியாகச் சேர்த்து எங்கள் வேனில் அழைத்து வருகிறோம். வேன் ஒன்றே இருப்பதால் இந்த வசதிக்கு மட்டும் காத்திருப்போர் உண்டு.

பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயமா? அரசு வேலை கிடைக்குமா?

நிச்சயம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இட ஒதுக்கீடு சட்டத்தில் உள்ளது. பார்வைக் குறைபாட்டுக்கு 1, காது கேளாமைக்கு 1, பெருமூளை வாதம், தசைச்சிதைவு உள்ளிட்ட கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதற்கும், போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கும் உதவுகிறோம். எழுத முடியாதவர்கள், தாம் சொல்வதை எழுதித் தரும் ஒருவரைக் கேட்டுப் பெறலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு.

ஆனால் எங்கள் கருத்தை மறைக்காமல் சொல்வதென்றால், அரசு வேலை வரட்டும் என்று பட்டப்படிப்பு முடித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுவது நல்லதல்ல. கையில் ஒரு சம்பளத்தை வைத்துக்கொண்டும் தேர்வுக்குப் படிக்கலாம். வெறுமனே இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் வெளியே வரும் துணிவைக் குறைத்துவிடுகிறது.

வேலைக்குப் போனால் மாத உதவித்தொகை நின்றுவிடுமா?

இந்த அச்சத்தால் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வருவாய்த் துறை தருவதும், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருவதும் வெவ்வேறு உதவிகள். ஒவ்வொன்றுக்கும் தகுதி விதி தனி. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஆணையின் நகலைக் கொண்டு வாருங்கள். எந்த அலுவலகம், எந்தத் திட்டம் என்று பார்த்து, வேலைக்குச் சேரும் முன்பே அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை வாங்கித் தருகிறோம். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நான் கடை நடத்துகிறேன். ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் என்னவெல்லாம் மாற்ற வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. எதை மாற்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகிக்காமல், வரப்போகிறவரையே அழைத்து ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றியவர்கள் எங்களிடம் கேட்பது படிகளைப் பற்றி. சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. முகப்பு மூன்றடி உயரத்தில் இருந்தால் முப்பத்தாறு அடிச் சாய்தளம் வேண்டும். தெருவே அடைபட்டுப் போகும், வீட்டின் அழகும் போகும். ஆனால் இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. அடுப்படிப் பக்கத்து வாசல் பல வீடுகளில் தரையோடு தரையாக இருக்கிறது. வேலைக்கு வருபவர் அந்த வழியாக வரலாம். அப்படி வருவதில் யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது என்பதால், மற்ற பணியாளர்களும் அதே வாசலைப் பயன்படுத்தும் இடங்களுக்கு மட்டுமே நாங்கள் இதைப் பரிந்துரைக்கிறோம். உள்ளே கட்டுக்குக் கட்டு உள்ள நிலைப்படிகளுக்கு, ஆணி அடிக்காமல் வைத்து எடுக்கக்கூடிய மரச் சரிவுப் பலகையைக் காரைக்குடித் தச்சர்களே செய்து தருகிறார்கள். அதே பலகை நாளை சக்கர நாற்காலியில் வரும் விருந்தினருக்கும் பயன்படும்.

சட்டத்தின் பக்கம் வருவோம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கான வசதிகளும், பொறுப்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் மற்றவர்களுக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். கொள்கை எழுதுவதில் உதவி தேவைப்பட்டால் மாதிரி ஒன்று எங்களிடம் உண்டு.

சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமா? "வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல்" அல்லவா?

குறைக்கக் கூடாது. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே தரும் இடத்துக்கும், அதே வேலைக்கு மற்றவருக்குத் தருவதைவிடக் குறைத்துத் தரும் இடத்துக்கும் நாங்கள் ஆள் அனுப்புவதில்லை. சம்பளம் பணியாளரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். அண்ணன் கையிலோ அப்பா கையிலோ கொடுக்கக் கூடாது. வீட்டாருடன் எங்களுக்கு வரும் வருத்தங்களில் பாதி இந்த ஒரு நிபந்தனையால் வருபவை. இருந்தாலும் இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சொந்தமாகத் தொழில் தொடங்கக் கடன் வாங்க முடியுமா?

முடியும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். 2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். ஊர்ப்புறத்தில் 35 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 25 விழுக்காடு மானியம். கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 5 லட்சம் ரூபாயில் பலகாரத் தொழில் தொடங்குகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணம் 5 விழுக்காடு, அதாவது 25,000 ரூபாய். மீதி 4,75,000 வங்கிக் கடன். மானியம் 1,75,000 ரூபாய். அந்த மானியம் கைக்கு வராது, மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழிக்கப்படும். மானியத்தை மட்டும் எதிர்பார்த்துக் கடன் வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இதைத் தவிர, தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கடனும் உண்டு. எதற்கு விண்ணப்பித்தாலும், ஆறு மாதமாவது வேறொருவர் கடையில் வேலை பார்த்து, எண்ணெய் விலையும் திரும்பி வரும் சரக்கும் என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு தொடங்குங்கள் என்றே சொல்கிறோம்.

18 வயது முடிந்த என் மகளின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கச் சென்றால், பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 பொருந்தும். அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் நிலைக் குழு பாதுகாவலரை நியமித்துச் சான்று தரும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம். ஆனால் எல்லோருக்கும் பாதுகாவலர் தேவையில்லை. தன் பெயரெழுதி, பணத்தின் மதிப்புத் தெரிந்து, வேண்டும் வேண்டாம் சொல்லத் தெரிந்தவருக்கு அந்தச் சான்றை வாங்கிவைப்பது அவருடைய கையெழுத்தைப் பிடுங்குவதாகும். வங்கி கேட்கிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். வங்கி மேலாளரிடம் முதலில் நாங்கள் வந்து பேசிப் பார்க்கிறோம்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்பலாம். பெண்களை வேலைக்கு அனுப்பும் இடங்களில் கழிப்பறை, வேலை முடியும் நேரம், உடன் பணிபுரியும் பெண்கள் இருக்கிறார்களா என்பதை நேரில் பார்த்த பிறகே சம்மதம் சொல்கிறோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் கீழ் உள்ள சிறு கடைகளுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு. இதைப் பயிற்சியின்போதே பெண்களுக்கும் ஆண்களுக்கும் சொல்லித் தருகிறோம். பேச முடியாத பெண்கள் படங்களைச் சுட்டிக்காட்டி நடந்ததைச் சொல்லவும் பழக்குகிறோம்.

வேலையில் சேர்ந்த பிறகும் வருவீர்களா?

முதல் மாதம் வாரந்தோறும், பிறகு இடைவெளி விட்டு, ஓராண்டு வரை வருகிறோம். வேலையை விடுபவர்களில் பலர் வேலை தெரியாமல் விடுவதில்லை. மேற்பார்வையாளர் மாறியிருப்பார், அல்லது மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது இவரை மட்டும் அழைத்திருக்க மாட்டார்கள். சம்பளச் சீட்டில் தெரியாத இந்தச் செய்திகளைத் தெரிந்துகொள்ளத்தான் நேரில் வருவது. தொலைபேசியில் கேட்டால் இரு தரப்பும் "ஒரு குறையும் இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். நன்கொடை தர விரும்புகிறோம்.

இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தந்தால், அவர் பூர்வீகம் எந்த ஊராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் தனிக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். எனவே பணம் அனுப்பும் முன் எங்களுக்கு எழுதிக் கேளுங்கள். தவறான கணக்கில் வந்தால் திருப்பி அனுப்புவதே பெரிய வேலை.

பணத்தைவிட எங்களுக்குப் பயன்படுவது வேலை ஆணை. ஊரில் வீட்டுத் திருமணமோ அறுபதாம் வயதுச் சாந்திக் கல்யாணமோ வைத்திருந்தால், தாம்பூலத்துக்குக் கொட்டானும், வருபவர்களுக்குக் கொடுக்கும் மனகோலமும் தேன்குழலும் எங்களிடமிருந்தோ, எங்களிடம் பயின்றவர்கள் வேலை செய்யும் கடைகளிலிருந்தோ வாங்குங்கள். இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

ஆதார், இருந்தால் அடையாள அட்டை, மருத்துவக் குறிப்புகள், இரண்டு புகைப்படம். சாப்பிடும் மருந்துகளை மாத்திரை அட்டையோடு எடுத்து வாருங்கள். காதொலிக் கருவி, ஊன்றுகோல், கைபேசி என அன்றாடம் பயன்படுத்துபவை எதையும் வீட்டில் விட்டு வர வேண்டாம். துணைக்கு ஒருவர் வரலாம், ஆனால் அன்றைய உரையாடலில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு வருபவரிடம் மட்டும் தனியாகப் பேசுவோம் என்பதால் அவர் வெளித் திண்ணையில் சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.